கையுறைப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது

செவிலியர் படிப்பில் சேர்ந்து ஆறு மாதமான மாணவியிடம், "நோயாளியைக் கவனிக்கும்போது கையுறையும் முகக்கவசமும் அவசியமா?" என்று கேட்டுப் பாருங்கள். "கட்டாயம் அவசியம்" என்றுதான் பதில் வரும். தஞ்சாவூரில் கேட்டாலும் அதே பதில், திருவாரூரில் கேட்டாலும் அதே பதில். தேர்வில் கேட்டால் போடும் வரிசை, கழற்றும் வரிசை எல்லாவற்றையும் படம் வரைந்து பாகம் குறித்து எழுதிவிடுவார். அதே மாணவியை வார்டுக்குப் போன சில வாரங்களில் பாருங்கள். சிறுநீர்ப் பையை வெறுங்கையால் காலி செய்துகொண்டிருப்பார். கையுறைப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

பாடம் தெரியும், பொருளும் இருக்கிறது, ஆனால் கை போகவில்லை. நடுவில் நிற்பதைத்தான் ஆய்வாளர்கள் மனப்பான்மை என்கிறார்கள். செவிலியர் கல்லூரிகளில் இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு அடிக்கடி எடுக்கப்படும் தலைப்புகளில் இதுவும் ஒன்று. ஆனால் மனப்பான்மை எதனால் ஆனது, எங்கிருந்து வருகிறது, எப்படி அளக்கிறார்கள் என்பதை முதலாண்டு மாணவிக்கும் புரியும்படி யாரும் சொல்வதில்லை. மாணவியரோடு வார்டுக்குப் போகிறவள் என்ற முறையில் நான் சொல்லிப் பார்க்கிறேன். மாணவர்களும் படிக்கிறார்கள், எண்ணிக்கையில் பெண்களே அதிகம் என்பதால் 'மாணவி' என்றே எழுதுகிறேன்.

முதலில் சாமான்களைப் பார்த்துவிடலாம். கையுறை, முகக்கவசம், கவுன் அல்லது பிளாஸ்டிக் ஏப்ரன், கண்ணுக்குக் கண்ணாடி அல்லது முகம் முழுவதையும் மறைக்கும் ஷீல்டு, தலைக்கும் காலுக்கும் உறை. எல்லாமே எப்போதும் வேண்டியதில்லை. எது எங்கே படும், எங்கே தெறிக்கும் என்று யோசித்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை. ரத்தம், சீழ், சிறுநீர், மலம், வாந்தி, சளி, திறந்த காயம், வாயின் உட்புறம் ஆகியவற்றில் கை படும் என்றால் கையுறை. தெறிக்கும் என்றால் கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் மறைப்பு. உடை நனையும் என்றால் கவுன். இருமும் காசநோயாளியின் பக்கத்தில் நிற்கும் செவிலியருக்கு முகத்தோடு இறுகப் பொருந்தி நுண்துகளை வடிகட்டும் என்95 மாஸ்க், நோயாளிக்குச் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க். நாடி பார்க்க, ரத்த அழுத்தம் பார்க்க, மாத்திரை கொடுக்க, தலையணையைச் சரிசெய்ய கையுறை வேண்டாம். கையைக் கழுவினால் போதும். தோலில் புண் இல்லாதவருக்குத் தசையில் போடும் ஊசிக்குக்கூடக் கையுறை கட்டாயமில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இதைச் சொன்னால் மாணவியர் பலர் நம்புவதில்லை. தேவையான இடத்தில் போடாதது எப்படி மனப்பான்மைக் கோளாறோ, தேவையில்லாத இடத்தில் போடுவதும் அப்படித்தான்.

தெரிந்திருப்பது வேறு, நினைப்பது வேறு, செய்வது வேறு

இந்தத் துறையில் ஆய்வுகள் மூன்றைப் பிரித்துப் பார்க்கின்றன: அறிவு, மனப்பான்மை, நடைமுறை. 'கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி ரத்தத்தின் வழியாகப் பரவும்' என்பது அறிவு. 'இந்தப் பாட்டியைத் தொடக் கையுறை எதற்கு, அவர் மனம் புண்படாதா?' என்பது மனப்பான்மை. கையுறை போட்டாரா இல்லையா என்பது நடைமுறை. அறிவை ஏற்றிவிட்டால் மற்ற இரண்டும் தானாக ஏறும் என்று நம்பித்தான் ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்துகிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம். அது அப்படி ஏறுவதில்லை.

இதற்கு வரலாற்றில் கொடுமையான சான்று ஒன்று உண்டு. 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியது. சுமார் 60,000 பேரைக் கொன்ற கொள்ளைநோய் அது. அதை அடக்க அனுப்பப்பட்டவர் வூ லியன்தே என்ற இளம் மருத்துவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம்மூர்க்காரர்களுக்கு நன்றாகப் பழக்கமான பினாங்கில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர். இந்தப் பிளேக் எலியின் தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவவில்லை, இருமும் மனிதரின் மூச்சு வழியாகப் பரவுகிறது என்று கண்டுகொண்டு, பஞ்சும் காயத்துக்குக் கட்டும் மெல்லிய காஸ் துணியும் வைத்துத் தைத்த முகக்கவசத்தை எல்லோரையும் கட்டிக்கொள்ளச் சொன்னார். மெனி என்ற மூத்த பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்கவில்லை. சின்னப் பையன் தனக்குப் பாடம் சொல்வதா என்ற கோபம் வேறு. கவசமில்லாமல் பிளேக் நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாட்களில் அதே நோயில் இறந்துபோனார். மெனிக்குப் படிப்பிலோ அனுபவத்திலோ குறை சொல்ல முடியாது. சொன்னவர் யார் என்பதுதான் அவரைத் தடுத்தது.

மனப்பான்மைக்குள் இப்படிப் பல இழைகள் இருக்கின்றன. 'இது வேலை செய்யும்' என்ற நம்பிக்கை ஓர் இழை. அருவருப்பு, பயம், கூச்சம், பெருமை போன்ற உணர்ச்சிகள் இன்னொன்று. 'எனக்கு வராது' என்ற கணக்கு மற்றொன்று. இருபது வயதில் அந்தக் கடைசிக் கணக்கு மிகவும் பலமாக இருக்கும். அதை வயதின் குற்றமாகத்தான் பார்க்க வேண்டும், அந்தப் பெண்ணின் குற்றமாகப் பார்க்கக் கூடாது.

வார்டு கற்றுக்கொடுப்பது

ஒருவர் ஒரு செயலைச் செய்வாரா என்று முன்கூட்டிச் சொல்ல மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்றார் ஐசக் ஐசன் என்ற சமூக உளவியலாளர். அவருடைய கோட்பாடு 1980களில் உருவாகி, 1991இல் எழுதிய கட்டுரையால் பரவலானது. செயலைப் பற்றி அதைச் செய்ய வேண்டியவர் என்ன நினைக்கிறார். அவர் மதிக்கும் மனிதர்கள் என்ன எதிர்பார்ப்பதாக அவருக்குத் தோன்றுகிறது. செய்வது தன் கையில் இருப்பதாக நம்புகிறாரா. மாணவியின் மனப்பான்மையைப் பற்றிப் பேசும்போது நாம் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். வார்டில் ஜெயிப்பது பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான்.

இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். காலை டியூட்டியில் நாற்பது நோயாளிகள், இரண்டு ஸ்டாஃப் நர்ஸ். இன்சார்ஜ் சிஸ்டர் இருபது வருட அனுபவசாலி. மருந்து ஏற்ற நரம்பில் செருகும் குழாயான வென்ஃபிளான் போட உட்கார்ந்தால் நரம்பு அவர் விரலுக்குத் தானே வந்து நிற்கும். வெறுங்கையால் தடவி, வெறுங்கையால் குத்தி, வெறுங்கையால் பஞ்சை அழுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். மாணவி கையுறையை எடுத்து, ஊதி, விரல் விரலாக நுழைக்கும் நேரத்தில் அவர் மூன்று பேரை முடித்திருப்பார். "என்னம்மா, மாட்டிக்கொண்டிருப்பதற்குள் பொழுது விடிந்துவிடும் போலிருக்கிறதே" என்று ஒரு வார்த்தை போதும். அதில் பகையும் இல்லை, கண்டிப்பும் இல்லை, சிரித்துக்கொண்டே சொன்னதுதான். ஆனால் நல்ல நர்ஸ் என்றால் வேகமான நர்ஸ், வேகமான நர்ஸுக்குக் கையுறை தேவையில்லை என்ற பாடம் அந்த நொடியில் முடிந்துவிட்டது. இதை அழிக்க எத்தனை வகுப்பு நடத்தினாலும் போதாது.

இன்சார்ஜ் சிஸ்டரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அவர் வேலைக்கு வந்த காலத்தில் கையுறையைக் கழுவி, காயவைத்து, பவுடர் தூவி, மறுபடியும் கிருமிநீக்கம் செய்து பயன்படுத்தினார்கள். அது அறுவை அரங்குக்கான பொருள். வார்டுக்கு வெறுங்கைதான். அன்று கற்ற வேலையை இன்றும் அதே விதமாகச் செய்கிறார்.

மூன்றாவது, செய்வது தன் கையில் இருக்கிறதா என்பது. இங்கே ஒரு சின்ன விஷயத்தை நெருங்கிப் பார்க்கலாம். நம் பக்கத்து மாணவியர் பலருக்குக் கை சிறியது. ஸ்டோரிலிருந்து வரும் பெட்டியில் நடுத்தர அளவோ பெரிய அளவோதான் இருக்கும். விரல் நுனியில் அரை அங்குலம் தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு, உடம்பில் நீர் வற்றிய முதியவரின் புறங்கையில் நரம்பு தேட வேண்டும். தெரியாது. அப்போது சிலர் செய்வது என்ன தெரியுமா? ஆள்காட்டி விரல் நுனியில் கையுறையைக் கிழித்துவிட்டு, அந்த ஒரு விரலால் தடவிப் பார்ப்பார்கள். ஊசி எந்த விரலுக்குப் பக்கத்தில் இறங்குமோ அந்த விரல்தான் திறந்திருக்கிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு அவர் கையுறை போட்டிருக்கிறார்; கணக்கெடுப்பிலும் 'ஆம்' என்று விழும். சிறிய அளவுப் பெட்டி நான்கு வாங்கி வைத்தால் தீரும் பிரச்சினையை மனப்பான்மை என்று பெயரிட்டு மாணவியின் தலையில் கட்டுகிறோம்.

வெக்கையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் மின்விசிறி சுற்றினாலும் வியர்வை காயாது. பிளாஸ்டிக் ஏப்ரனுக்குள் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டும். மாஸ்க் ஈரமாகி மூச்சு இழுக்கக் கடினமாகும். ஈரமான சர்ஜிக்கல் மாஸ்க்கை மாற்றத்தான் வேண்டும், மாற்று மாஸ்க் கேட்கத் தயக்கம். கொரோனா காலத்தில் முழு உடல் கவசத்துக்குள் வேலை பார்த்த செவிலியர்கள், நடுவில் கழற்ற முடியாது என்பதால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினார்கள். மாதவிடாய் நாட்களில் அந்த உடைக்குள் இருப்பது என்ன பாடு என்பதை எந்தப் பயிற்சிக் கையேடும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

வீட்டிலிருந்து வருவது

கல்லூரிக்கு வரும் முன்பே மாணவிக்கு இந்த விஷயத்தில் ஒரு படிப்பு முடிந்திருக்கும் என்பதை நாம் கவனிப்பதில்லை. காவிரி டெல்டாவில் படிக்க வரும் பெண்களில் கணிசமானவர்கள் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். குறுவையிலும் சம்பாவிலும் அப்பா கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு பூச்சி மருந்து அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். மூக்கில் ஒரு துண்டு, அதுவும் காற்று எதிர்ப்பக்கமாக வீசினால் மட்டும். கால் வெறுங்கால். மருந்து கலக்குவது குச்சியால், குச்சி கிடைக்காவிட்டால் கையால். "முப்பது வருடமாக அடிக்கிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது?" என்ற வாக்கியத்தைக் கேட்டுக்கேட்டே வளர்ந்த பெண், வார்டில் அதே வாக்கியத்தை இன்சார்ஜ் சிஸ்டரின் வாயிலிருந்து கேட்கும்போது அது புதிதாகத் தோன்றுவதில்லை. உழைக்கிறவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்.

முகக்கவசத்துக்கும் இப்படி ஒரு முன்கதை உண்டு. இப்போது படிக்கிறவர்கள் கொரோனா வந்தபோது பள்ளிப் பிள்ளைகள். பொது இடத்தில் மாஸ்க் இல்லாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்று அரசு அறிவித்த காலம் அது. தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு, போலீஸைக் கண்டதும் மூக்குக்கு ஏற்றும் பழக்கம் அப்போது வந்தது. வார்டில் மேற்பார்வையாளர் வரும்போது மாஸ்க் மேலே ஏறுவதும், போனதும் இறங்குவதும் அதன் தொடர்ச்சி. யாரிடமிருந்து பாதுகாத்துக்கொள்கிறோம் என்ற கேள்விக்கு அந்தத் தலைமுறை கற்ற பதில் 'அதிகாரியிடமிருந்து' என்பது.

இதைவிட ஆழமான ஒன்று இருக்கிறது. எழுதத் தயங்குவார்கள், ஆனால் வார்டில் தினமும் நடப்பது. கையுறை போட்ட கை, தொட விரும்பாத கையாகத் தெரியும். "எனக்கென்ன தொத்து வியாதியா அம்மா, உறை மாட்டிக்கொண்டு தொடுகிறாய்?" என்று கேட்கும் பெரியவரின் குரலில் வெறும் நோயைப் பற்றிய சந்தேகம் மட்டும் இல்லை. தலைமுறை தலைமுறையாக டீக்கடையில் தனிக் குவளையும், காசை எட்ட நின்று போடும் கையும் பார்த்த ஊர்களிலிருந்து வருகிறவர் அவர். தன்னைத் தொடாமல் இருப்பதற்கான புதுப்புது வழிகளை அவர் அறிவார். நல்ல மனமுள்ள மாணவி இதைச் சட்டென்று புரிந்துகொள்கிறார். புரிந்துகொண்டு, கையுறையைக் கழற்றிவிடுகிறார். அது அலட்சியமே இல்லை, பரிவு. ஆனால் அதே கைதான் பிறகு அவருடைய புண்ணில் படப்போகிறது.

இதற்கு என்ன வழி? கையுறை போடும் முன் வெறுங்கையால் தொட்டுப் பேசுவதுதான் நான் கண்டதில் பலிக்கிற வழி. தோளைத் தொட்டு, "ஐயா, காயத்தைத் துடைக்கப் போகிறேன். என் கையில் இருக்கும் கிருமி உங்கள் புண்ணுக்குப் போகக் கூடாது. அதற்காக உறை மாட்டிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கையைச் சுத்தம் செய்து, அவர் கண் முன்னாலேயே மாட்டுவது. சொன்னது பொய்யும் இல்லை. கையுறை இரு பக்கமும் காக்கிறது. நாடி பார்க்கவும் போர்வை போர்த்தவும் வெறுங்கையையே பயன்படுத்தினால், கையுறை எதற்கு என்பது அவருக்கும் விளங்கிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. ரப்பர் கையுறை மருத்துவத்துக்குள் வந்ததே ஒரு செவிலியரின் கையைக் காப்பாற்றத்தான். 1889 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற அறுவை அரங்குச் செவிலியருக்கு, கைகழுவும் கிருமிநாசினி பட்டுப் பட்டுத் தோல் வெந்துபோயிற்று. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் ஒரு ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி அவருக்கென்று மெல்லிய கையுறை செய்ய வைத்தார். கிருமிக்குத் தடுப்பு என்ற எண்ணம் பிறகு வந்தது. அவர்கள் இருவரும் 1890இல் திருமணம் செய்துகொண்டார்கள் என்பது கூடுதல் தகவல்.

பயம் தப்பான இடத்தில் விழும்போது

பயம் இருந்தால் பாதுகாப்பாக இருப்பார்கள் என்று நினைக்கிறோம். பயம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கேஸ் ஷீட்டில் 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று இருந்தால் இரண்டு ஜோடிக் கையுறை, மாஸ்க், சில சமயம் கவுன்கூட, வெறும் காய்ச்சல் பார்ப்பதற்கு. அடுத்த கட்டிலில் பரிசோதனையே செய்யப்படாத ஒருவருக்கு ரத்தம் எடுக்க வெறுங்கை. முகத்தைப் பார்த்து, சாதியைப் பார்த்து, சட்டையைப் பார்த்து ஆபத்தைக் கணக்கிடும் இந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் 1980களில் எல்லோருடைய ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருது என்ற விதி வந்தது. எச்.ஐ.வி. பரவத் தொடங்கிய காலம். இந்தியாவில் அந்தக் கிருமி முதன்முதலில் 1986இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். தொற்று ஏற்பட்ட ஆரம்ப வாரங்களில் பரிசோதனை 'இல்லை' என்றே காட்டக்கூடும் என்பதால், சீட்டைப் பார்த்து முடிவெடுப்பது பயனற்றது.

எண்களும் பயத்துக்கு ஒத்துவருவதில்லை. தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு ஏறக்குறைய 1,000க்கு 3. அதே விதமாக ஊசி குத்தினால், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு 100க்கு 6 முதல் 30 வரை. பல மடங்கு அதிகம். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் தவணை, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம் என மூன்று தவணை. வார்டுக்குள் கால்வைக்கும் முன் தொடங்க வேண்டிய இந்த ஊசியை மூன்றாவது தவணை வரை முடித்தாயா என்று கேட்டால், எச்.ஐ.வி. என்ற பெயருக்கே நடுங்கும் மாணவி யோசித்துத்தான் பதில் சொல்வார்.

ஊசியைக் கையுறை தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஊசியின் மேல் ஒட்டிய ரத்தத்தில் கொஞ்சத்தைத் துடைத்துவிடும், அவ்வளவுதான். ஊசிக்கு மறுபடி மூடி போடாமல் நேராகக் கூர்மையான கழிவுகளுக்கான வெள்ளை டப்பாவில் போடுவதுதான் அங்கே பாதுகாப்பு. குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குமேல் தள்ளக்கூடாது. மாணவியர் சொல்வதில்லை. திட்டு விழும் என்ற பயம் வைரஸ் பயத்தை ஜெயித்துவிடுகிறது.

இன்னொரு பக்கம், அபாயம் இருக்கும் இடத்தில் பயமே வராத சந்தர்ப்பம் ஒன்று நம் பகுதிக்கே உரியது. இரவில் ஆட்டோவில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "மருந்து குடித்துவிட்டார்" என்கிறார்கள்; எந்த மருந்து என்று டெல்டாவில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. சட்டையெல்லாம் வாந்தி, பூச்சி மருந்தின் நெடி, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது, வாயில் நுரை. எல்லோரும் ஓடுகிறார்கள். மாணவி அவர் தலையைத் தாங்கிப் பிடிக்கிறார், சட்டையைக் கழற்றுகிறார், வயிறு கழுவும்போது குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ரத்தம் இல்லை, தொற்றுநோய் இல்லை. அதனால் கையுறை நினைவுக்கே வருவதில்லை. ஆனால் பல பூச்சி மருந்துகளில் இருக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சு தோல் வழியாகவும் உள்ளே போகும். வழக்கமான லேடெக்ஸ் கையுறை அதற்குப் போதாது. நைட்ரைல் அல்லது நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரால் ஆன கையுறை வேண்டும். நனையாத ஏப்ரன் வேண்டும், கண்ணுக்கு மறைப்பு வேண்டும். நோயாளியின் உடையைக் கழற்றித் தனிப்பையில் கட்டிவிட்டு, சோப்பு போட்டு உடம்பைக் கழுவ வேண்டும். மாஸ்க் இந்த நெடியை வடிகட்டாது. சன்னலைத் திறப்பதும் மின்விசிறியைப் போடுவதும்தான் உதவும். டெல்டாவின் ஒவ்வொரு அவசரப் பிரிவிலும் நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி தனியாக இருக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட கோரிக்கை.

அதிகமாகப் போடுவதன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் மாட்டிய ஒரே ஜோடியோடு கட்டில் கட்டிலாகப் போவது, அதே கையால் கேஸ் ஷீட்டைப் புரட்டுவது, போனை எடுப்பது, கதவைத் திறப்பது. சேற்றுக் காலோடு வீடு முழுக்க நடந்தது போல, போன இடமெல்லாம் தடம். கையுறை போட்டிருப்பதால் கை கழுவ வேண்டியதில்லை என்ற நினைப்பு இதற்கு அடிப்படை. கழற்றிய பிறகும் கழுவத்தான் வேண்டும். கழற்றும்போதுதான் அதிகம் ஒட்டும். மணிக்கட்டுக்கு அருகே வெளிப்பக்கத்தைக் கிள்ளி, உட்புறம் வெளியே வரும்படி உரித்து, அதை மறு கையின் உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வெறும் விரலை இரண்டாவது கையுறையின் உட்பக்கமாக நுழைத்து உருட்டிவிட்டால், ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறு பொட்டலமாகி மருத்துவக் கழிவுக்கான சிவப்புப் பைக்குள் போகும். மாஸ்க் மஞ்சள் பைக்கு. என்95 போடும்போது மேல் பட்டை உச்சந்தலைக்கும் கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே கழுத்துக்கும் வர வேண்டும். இரட்டைச் சடை கலைகிறது என்று இரண்டையும் கழுத்திலேயே விட்டால் மூக்கோரம் காற்று கசியும். இரு கையாலும் மாஸ்க்கை மூடி ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எப்படி அளப்பது

மனப்பான்மையை அளக்கப் பெரும்பாலும் பயன்படுவது 1932இல் ரென்சிஸ் லைகர்ட் அறிமுகப்படுத்திய முறை. ஒரு வாக்கியம்; எதிரே 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 'சிறிதும் உடன்படவில்லை' வரை ஐந்து படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு மதிப்பெண். கூட்டினால் ஓர் எண் வரும். அதைக் கொண்டு நல்ல மனப்பான்மை, சுமாரான மனப்பான்மை என்று பிரிப்பார்கள்.

'பாதுகாப்புச் சாதனங்கள் முக்கியமானவை' என்ற வாக்கியத்துக்கு யார் உடன்படாமல் இருப்பார்கள்? வகுப்பே ஐந்துக்கு ஐந்து வாங்கும், ஆய்வேடும் நேர்த்தியாக முடியும், ஒன்றும் தெரியவராது. கேள்வி கேட்பவர் உள்மதிப்பெண் போடும் ஆசிரியராக இருந்தால் இன்னும் மோசம். அவர் எதை விரும்புவாரோ அதுவே விடையாகும். ஆகவே ஆய்வேடு எழுதப் போகிறவர்களுக்கு: வாக்கியத்தை வார்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். 'சீனியர் கையுறை போடாதபோது நான் மட்டும் போடுவது சங்கடமாக இருக்கிறது.' 'எனக்குப் பொருந்தும் அளவில் கையுறை கேட்டால் கிடைக்கும்.' 'நோயாளி வருத்தப்படுவார் என்றால் கழற்றிவிடுவேன்.' 'அவசரத்தில் வரும் விஷம் குடித்த நோயாளிக்குக் கையுறை இரண்டாம்பட்சம்.' இவற்றில் சில தலைகீழாக மதிப்பெண் போட வேண்டியவை. உடன்பட்டால் குறைவு, மறுத்தால் அதிகம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே படியில் டிக் அடிக்கிறவரை அவை காட்டிக்கொடுக்கும்.

கேள்வித்தாளோடு நிறுத்தாமல், சிறுநீர்ப் பை காலி செய்வது, ரத்தம் எடுப்பது, டிரஸ்ஸிங் மாற்றுவது என மூன்று வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டு, கையுறை இருந்ததா, வேலைக்கு முன்னும் பின்னும் கை கழுவினார்களா என்று குறித்து வாருங்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் ஒழுங்காகிவிடுவார்கள் என்பதால் முதல் சில நாட்களின் குறிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதே வார்டில் பெட்டியில் என்ன அளவு இருந்தது, எத்தனை முறை தீர்ந்துபோயிருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். கேள்வித்தாளை ஆசிரியர் கையால் வாங்கக் கூடாது. ஒரு மூடிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். பெயருக்கும் வரிசை எண்ணுக்கும் அதில் இடம் விடாதீர்கள்.